ஆள் எழுந்த பிறகே நாற்காலி

மேடம்,

நேற்று வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியின் நான்காம் மாடியில் இருக்கிற நாற்காலிகளுக்கு விலை பேசப் போனேன். எண்பத்திரண்டு நாற்காலி. எல்லாவற்றிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் காலியாகக் கிடந்த ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில் மஞ்சள் பெயிண்டில் 63 என்று எழுதியிருந்தது. மூன்றின் வாலை இழுத்து நீட்டுகிற அந்தக் கை உங்களுடையதுதான். என்னிடமிருந்து போன பிறகு அது எத்தனை கம்பெனி பார்த்ததோ. வீல் மாற்றியிருக்கிறார்கள், துணி மாற்றியிருக்கிறார்கள். நீங்கள் எழுதின எண்ணை மட்டும் யாரும் தொடவில்லை.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. செய்தி எனக்குப் பதினொரு நாள் கழித்துத்தான் வந்தது, அதுவும் யாரோ யாருக்கோ அனுப்பிய வாட்ஸ்அப்பில். உங்கள் ஊர் தங்கவயலுக்கு நான் வரவில்லை. அடக்கம் முடிந்த வீட்டில் போய் நின்று, நான் யார் என்று என்ன சொல்வது? உங்களிடம் நாற்காலி விற்றவன், பிறகு அதையே வாங்கினவன். அதனால் இப்போது எழுதுகிறேன்.

நான் அடுகோடியில் பிறந்து, அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்து நாற்காலிக்கு வீல் மாற்றிக் கொடுத்துத் தொடங்கினவன். நீங்கள் வந்தபோது எனக்கென்று ஒரு ஷட்டர் கடை இருந்தது. உங்கள் கம்பெனி அப்போது இரண்டு தெரு தள்ளி, மெடிக்கல் ஷாப்புக்கு மேலே, பன்னிரண்டு பேர். நீங்கள்தான் அங்கே அட்மின், ரிசப்ஷன், டீ சொல்கிறவர், எல்லாம். பன்னிரண்டு நாற்காலியை எடுத்து வைத்தேன். பன்னிரண்டையும் கவிழ்த்துப் பார்த்தீர்கள்.

"இன்னா மேடம், உக்கார்ற இடத்தப் பாக்காம அடியில பாக்கறீங்க?"

"உக்கார்ற இடத்தத்தான் நீ தொடச்சி வச்சிருப்பியே. தொடைக்காத இடத்தப் பாக்கறேன்."

இரண்டைத் தள்ளி வைத்தீர்கள். இரண்டிலும் ஹைட்ராலிக் போயிருந்தது எனக்கும் தெரியும்.

"மீதி பத்துக்கு வெல சொல்லு சேட்டு."

"நான் சேட்டு இல்ல மேடம், தமிழ்க்காரன்தான்."

"நீ சொல்ற வெலயக் கேட்டா அப்டித் தெர்லியே."

அன்றிலிருந்து கடைசிவரை நான் சேட்டுதான். தள்ளி வைத்த இரண்டுக்குப் பதில் வேறு இரண்டை மறுவாரம் கொண்டுவந்தேன். நீங்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நாற்காலியின் வயிற்றிலும் எண் எழுதிக்கொண்டிருந்தீர்கள். திருட்டுப் பயமா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள். உங்கள் அப்பா தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்தவர். இறங்கும்போது பலகையிலிருந்து தன் எண் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்குவார், மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்டுவார். ஷிப்ட் முடிந்து ஓர் ஆணி வெறுமையாக இருந்தால், ஓர் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான். "நம்பர் போடறது பொருளுக்கு இல்ல சேட்டு, ஆளுக்கு" என்றீர்கள். எனக்கு அப்போது அது ஒரு கதை. என் மனது அந்த இரண்டு நாற்காலியில் என்ன லாபம் என்பதில் இருந்தது.

கம்பெனி எப்படி வளர்கிறது என்று இன்று பெரிய பெரிய கூட்டங்களில் படம் போட்டுப் பேசுகிறார்கள். நான் அதைப் பார்த்தது உங்கள் ஜன்னல் கட்டையில். புது ஆட்கள் சேருவார்கள், நாற்காலி இருக்காது, ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து மடியில் லேப்டாப் வைத்து வேலை செய்வார்கள். மூன்று பேர் அப்படி உட்காருகிற வரை எனக்கு உங்களிடமிருந்து போன் வராது. நான் சும்மா இருப்பேனா? "இருபது எடுத்து வச்சிக்கோங்க மேடம், ரேட்டு கொறச்சித் தர்றேன்" என்பேன். "ஆள் வந்தப்புறம் நாற்காலி வரட்டும். நாற்காலி மொதல்ல வந்தா அது ஆளத் தேடும், அவசரத்துல எவனையாவது புடிச்சி உக்கார வைக்கும்" என்பீர்கள். பன்னிரண்டு நாற்பதாகி, நாற்பது நூறாகி, அடுகோடியை விட்டு வைட்ஃபீல்டுக்குப் போனபோதும் அதே கணக்குத்தான்.

பிறகு வெளியிலிருந்து பணம் போட ஆள் வந்தான், கூடவே புது டைரக்டரும் வந்தார். ஒரே மாதத்தில் இரண்டாவது மாடி எடுத்தார்கள். அதற்கு முழுக்கப் புது நாற்காலி, கம்பெனி ஷோரூமிலிருந்து, ஆள் ஒருவர்கூடச் சேராமல். நீங்கள் போன் செய்தீர்கள்.

"சேட்டு, புதுசு வந்து எறங்கிருக்குது. ஒண்ணு கூட உன்னுது இல்ல."

"வயித்தெரிச்சலக் கொட்டிக்கிறதுக்கா மேடம் போன் பண்ணீங்க?"

"இல்ல. எடம் வச்சிக்கோ. ஒரு நாளு மொத்தமும் உங்கிட்டதான் வரும்."

புதுசுக்கும் அடியில் ஒன்றிலிருந்து எண் போட்டுவிட்டுத்தான் பேசினீர்கள் என்று பின்னால் தெரிந்தது.

அந்த நாள் வர மூன்று வருஷம்கூட ஆகவில்லை. வெளிநாட்டில் உங்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த பெரிய கம்பெனி, அதே வேலையைக் குறைந்த கூலிக்கு வேறு நாட்டில் கொடுத்துவிட்டது. அங்கே ஒரு கையெழுத்து, இங்கே ஒரு மாடி. ஒரு வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டு, அந்த இரண்டாவது மாடியின் நூற்றுப் பதினேழு நாற்காலிக்கு விலை கேட்டீர்கள். ஆட்களுக்கு இன்னும் சொல்லவில்லை. அதனால் என்னைப் பூச்சி மருந்து அடிக்கிறவன் என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனீர்கள்.

அந்த நடையை நான் மறக்கவில்லை. ஆள் உட்கார்ந்திருக்கும்போதே நாற்காலிக்கு விலை போட்டுக்கொண்டு போகிறேன். இது ஆயிரத்து நானூறு, இது ஆயிரம், இதில் கை உடைந்திருக்கிறது. கண்ணாடி போட்ட ஒரு பெண் நிறுத்தினாள். "அண்ணா, என் டேபிளுக்குக் கீழ கரப்பான் இருக்கு, பாருங்களேன்." குனிந்து பார்த்தேன். கரப்பானைப் பார்க்கவில்லை, வீல் ஐந்தும் நன்றாக இருந்ததைப் பார்த்தேன். "செவ்வாய்க்கிழம அடிச்சிடறேம்மா" என்றேன்.

உங்கள் அறைக்கு வந்ததும் கதவைச் சாத்தினீர்கள். திங்கட்கிழமை எல்லோரையும் அனுப்பிவிட்டு, சனிக்கிழமைக்குள் மாடியைக் காலி செய்யச் சொல்கிறார் டைரக்டர் என்றீர்கள். அதன் பிறகுதான் உண்மையான வியாபாரத்தைப் பேசினீர்கள்.

"சம்பளம் எப்டியும் ரெண்டு மாசத்துக்குத் தந்தாகணும், சட்டம். வாடகையும் அதுவரிக்கும் கட்டியாச்சி. அந்த ரெண்டு மாசம் அவங்க வீட்ல உக்காரணுமா, சீட்ல உக்காரணுமான்றதுதான் கேள்வி."

"எங்க உக்காந்தா என்ன மேடம், காசு ஒண்ணுதானே?"

"காசு ஒண்ணு, ஆளு ஒண்ணு இல்ல. சீட்ல இருக்கறவன இன்னொரு கம்பெனி கூப்பிடும். வீட்ல இருக்கறவன் தானாப் போயி நிக்கணும். நீ வியாபாரி, கடை தொறந்திருக்கிறவனுக்கு ஒரு வெல, மூடினவனுக்கு ஒரு வெலன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். மூடுகிற கடையில் சரக்கு வாங்கியே பிழைத்தவன் நான்.

நீங்கள் கேட்டது இதுதான்: உடைந்தது உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் குடோனில் இடம் இல்லை, இரண்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூக்க முடியும் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற வியாபாரிகள் நல்லதை மட்டும் பொறுக்குவார்கள், இவன் ஒருவன்தான் மொத்தமும் எடுக்கிறான் என்று டைரக்டரிடம் நீங்கள் சொல்வீர்கள். எப்படியும் தர வேண்டிய சம்பளத்துக்குக் கடைசி வேலையையாவது முடித்துக் கொடுக்கட்டும் என்றும் சொல்வீர்கள். நான் சரி என்று உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"காத்திருக்கறதுக்கும் ஒரு வெல இருக்கு மேடம்."

"எவ்ளோ?"

"நாற்காலிக்கு இருநூறு கொறச்சிக்கிறேன்."

சிரித்தீர்கள். "எடுத்துக்கோ. கம்பெனிக் காசு, என் காசா?"

ஆயிரத்து நானூறுக்குப் பதில் ஆயிரத்து இருநூறு. கை குலுக்கினோம்.

ஆட்களுக்குத் திங்கட்கிழமை சொன்னார்கள். ஒருவருக்கு வேறு வேலை கிடைத்து எழுந்ததும் எனக்கு போன் வரும், சுரங்கத்துப் பேச்சிலேயே. "சேட்டு, மூணு பேரு மேல வந்துட்டாங்க. வந்து எடுத்துக்கோ." லாரி இல்லை, குட்டி கூட்ஸ் ஆட்டோ. மூன்று நாற்காலிக்காக அந்த டிராபிக்கில் இரண்டு மணி நேரம். முதல் வாரம் உங்களைத் திட்டாத நாள் இல்லை. பிறகு ஒன்று புரிந்தது. நூறாகக் கொண்டுவந்தால் இன்னொரு வியாபாரிக்குத்தான் தள்ள முடியும். மூன்றும் நான்குமாக வந்ததால், ஜன்னல் கட்டையில் ஆள் உட்கார்ந்திருக்கிற சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு நேராக விற்றேன், கூடுதல் விலைக்கு. அப்படி ஒரு கம்பெனியில் நாற்காலி இறக்கும்போது, ஆளும் வேண்டுமா என்று கேட்டு உங்கள் நம்பரைக் கொடுத்தேன். ஏழு பேர் அங்கே போனார்கள். அதைத் தர்மம் என்று நான் சொல்லிக்கொண்டதில்லை; ஆள் சேர்ந்தால் நாற்காலி வாங்குவான். காத்திருந்ததில் எனக்கு நஷ்டமே இல்லை, லாபம்தான் என்பதை உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவுமில்லை.

கண்ணாடி போட்ட அந்தப் பெண், ஒரு நாள் பையோடு கீழே இறங்கி வந்தவள், என் ஆட்டோவைப் பார்த்து நின்றாள்.

"நீங்க பூச்சி மருந்து அண்ணாதானே?"

"ஆமாம்மா."

"கடைசிவரைக்கும் அடிக்கவே இல்லயே."

ஆட்டோவில் ஏற்றியிருந்த நாற்காலிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வேல கெடச்சிடுச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்தாவது வாரம் டைரக்டர் என்னை லிஃப்டில் பிடித்தார். பாதிக் கன்னடம், பாதி இங்கிலீஷ். இந்தச் சனிக்கிழமை மிச்சத்தை மொத்தமாகத் தூக்கிவிட்டால், அடுத்த மாதம் மூடப்போகிற இன்னோர் ஆபீசின் அறுபது நாற்காலியும் எனக்கே என்றார். காலி மாடியை யாருக்கோ காட்ட வேண்டுமாம். யோசிக்க ஒரு நாள் கேட்டேன். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. லாரிக்காரனுக்கு போன் செய்துவிட்டுத்தான் உங்களிடம் சொல்ல மேலே வந்தேன். எழுதிக் கொடுத்தது இரண்டு மாதம் 'வரை' என்றுதானே, முன்னாலேயே எடுத்தால் என்ன என்று பேச்சும் தயாராக வைத்திருந்தேன்.

நீங்கள் அலமாரியைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தீர்கள். கதவின் உள்பக்கம் ஒரு பலகை. அதில் வரிசையாக ஆணி. வேலை கிடைத்து எழுந்தவர்களின் எண், அட்டையில் வெட்டி, நூலில் கட்டித் தொங்கியது. முப்பத்தைந்து, முப்பத்தாறு ஆணி வெறுமையாக இருந்தது. எல்லோர் பெயரும் எனக்குத் தெரியாது. கடைசி ஆணியைப் பார்த்து விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"நூத்திப் பதினேழு யாரு மேடம், இன்னும் உள்ளயே இருக்கறது?"

"நான்தான்."

"நீங்களா? லிஸ்ட்லயா?"

"பின்ன? மாடியே இல்லாத எடத்துல மாடி பாத்துக்க ஆளு எதுக்கு? மொத நாளே தெரியும்." அலமாரியை மூடினீர்கள். "இன்னா சமாச்சாரம், மேல வந்துட்ட?"

"ஒண்ணுமில்ல. டீ இருக்கான்னு கேக்க வந்தேன்."

நீங்கள் டீயை வரவழைத்தீர்கள். லாரிக்காரனை வேண்டாம் என்றேன். அந்த அறுபது நாற்காலி வேறொருவனுக்குப் போனது.

இரண்டு மாதம் முடிந்த அன்று நான்கு ஆணி வெறுமையாக இருந்தது. மூன்று பேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, உங்களுக்கும்தான். அந்த மூன்று அட்டையையும் உங்கள் அட்டையையும் ஆணியில் மாட்டாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டீர்கள். 117ஆம் நாற்காலியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "கம்பெனிச் சரக்கு, வெலயப் போடு" என்றீர்கள். போட்டேன். பிறகு அதை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு விற்றேன். உங்கள் ஞாபகமாக எடுத்து வைத்தேன் என்று எழுதினால் பொய். தங்கவயலிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் முன்மேசை வேலை கிடைத்தது என்று ஆறு மாதம் கழித்து நீங்கள் போன் செய்தபோது, "நாற்காலி எப்படி?" என்று கேட்டேன். "ஆடுது சேட்டு, நீ வித்தா மாதிரியே" என்றீர்கள். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

இப்போது ஆனேக்கல் ரோட்டில் எனக்கு இரண்டு குடோன் இருக்கிறது. நேற்றுப் போன கம்பெனியில் ஆள் செய்த வேலையை மிஷின் செய்யத் தொடங்கிவிட்டதாம். வேலை கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனி இனிப் பாதிப் பணம்தான் தருவேன் என்கிறதாம். காரணம் மாறுகிறது, மாடி காலியாகிற விதம் மாறவில்லை. அட்மின் பையனுக்கு முப்பது வயதிருக்கும். என்னை ஏசி பார்க்க வந்தவன் என்று சொல்லிக் கூட்டிப்போனான். 63ஐப் பார்த்த பிறகு, அவர்கள் சாப்பிட்டு வருவதற்குள் மீதியில் பாதியைக் கவிழ்த்துவிட்டேன். 117 இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

"எல்லாரும் ஆயிரத்து ஐநூத்தம்பதுதான் சொல்றாங்க சார்" என்றான் பையன். "நீங்க எதுக்கு இருநூறு அதிகம் போடறீங்க?"

"காத்திருக்கறதுக்கு."

"யாரு காத்திருக்கறது?"

"கம்பெனி. இருநூறு நான் தர்றேன், ரெண்டு மாசம் நீங்க தர்றீங்க."

அவன் மேலே போய்க் கேட்டுவிட்டு வந்தான். சாயந்திரம் கையெழுத்தானது. எண்பத்திரண்டு நாற்காலி, உடைந்தது உட்பட. ஒன்று ஆயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். அறுபது நாள், அதற்கு ஒரு நாள் முன்னாலும் மொத்தமாகத் தூக்குவதில்லை. வண்டி என் செலவு. ஆள் எழுந்த பிறகே நாற்காலி.