யார் வீட்டுப் படி?

மார்ச் 3, செவ்வாய்

வரைபடத்தில் ஆறு வீட்டுக்கும் நம்பர் இருக்கிறது. நடுவில் உள்ள படிக்கட்டுக்கு மட்டும் இல்லை. முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

உடன்பிறந்தவர்கள் ஆறு பேர் சேர்ந்து கட்டப்போகிற கட்டடம், ஆளுக்கு ஒரு வீடு. கட்டட மேஸ்திரியான என் சித்தப்பா ஒரு வீட்டுக்குச் செலவைப் போட்டார், ஆறால் பெருக்கினார், முடிந்தது என்று எழுந்துவிட்டார். அதை நல்லபடியாக எழுதிக் கொடுப்பது நான். ஒன்பதாவதோடு நின்றவளுக்கு அவர் ஆபீசில் இந்த நாற்காலி கிடைத்ததே கையெழுத்தால்தான். படிக்கட்டு எங்கே என்று கேட்க வாய் வரவில்லை. எப்போதுதான் வந்திருக்கிறது?

மார்ச் 5

அந்த ஆறு பேரில் மூன்றாவது தம்பி மறுபடியும் தரை டைல்ஸை மாற்றச் சொல்கிறார். மறுபடியும் முழுத் தாளையும் எழுதினேன்.

மார்ச் 6

கேட்டுவிட்டேன். சித்தப்பா சிரித்தார். "ஏணி போட்டு ஏறிக்குவாங்க, விடு." சிரித்து முடித்ததும் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படி, நடைவழி, மேலே தண்ணீர்த் தொட்டி — எதுவும் எந்த வீட்டுக்குள்ளும் இல்லை. அதனால் கணக்கிலும் இல்லை.

கம்பி, ஜல்லி, கூலி, கைப்பிடி என்று எல்லாவற்றையும் சேர்த்தேன். மொத்தத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது.

"இதச் சொன்னா வாசலோட திரும்பிடுவாங்க. படிய எடுத்துடு. முதல் மாடித் தளம் போட்டப்புறம் கேட்டுக்கலாம். அப்ப எங்க போவாங்க?"

என்ன மனுஷன் இவரு! நாளைக்கு அவங்க வந்து கத்தினா காட்டப்போறது என் கையெழுத்தைத்தானே? ஆனால் கலவை மிஷின் இரண்டு மாதமாகச் சும்மா கிடக்கிறது. இந்த வேலையும் கைநழுவினால் ஆட்கள் வேறு மேஸ்திரியிடம் போய்விடுவார்கள். அதுவும் தெரியும். படியை எடுத்துவிட்டு எழுதினேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஆறு பேரும் வந்தார்கள். தொகை பிடித்துப்போய்விட்டது. சித்தப்பா முன்பணம் பேசத் தொடங்கும்போது அவர்களில் மூத்த அக்கா தாளை எடுத்துப் பார்த்து, யார் எழுதியது என்று கேட்டார். சித்தப்பா பெருமையாக என்னைக் காட்டினார். இந்தப் பெருமை இன்றைக்குத்தான் வர வேண்டுமா?

"இதுல எல்லாம் அடக்கம்தானேம்மா?"

சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"படிக்கட்டு இல்லங்க."

எனக்கே சரியாகக் கேட்காத குரல். ஆறு பேருக்கும் கேட்டுவிட்டது. கீழ்வீட்டை எடுத்துக்கொள்ளப்போகிற தங்கை தனக்கு எதற்குப் படி என்றார். அப்போ மாடியில் துணி காயப்போட வராதே என்றார் சின்னத் தம்பி. பேச்சு முற்றி, டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள்.

சித்தப்பா ஆறு டீயையும் தானே எடுத்துப்போய் வாசலில் கொட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 10

சித்தப்பா தண்ணீர் வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் கேட்கிறார். சுவரா கொண்டுவந்து கொடுக்கும்?

மார்ச் 12

மூத்த அக்கா போன் செய்தார். வேறொரு மேஸ்திரி இன்னும் குறைத்துச் சொன்னாராம். படி உண்டா என்று அக்கா கேட்டதற்கு, அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். உள்ளதைச் சொன்ன நமக்குத்தான் வேலையாம், ஆனால் படியை ஆறு பங்காக்கி யாராவது வந்து விளக்க வேண்டும். கீழ்வீட்டுத் தங்கை இன்னும் முறுக்கிக்கொண்டு நிற்கிறாராம்.

சித்தப்பா போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இழுத்துவிட்டது நீ. நீயே வந்து சொல்லு."

வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, வண்டியில் அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.