சந்நிதியில் எடுத்த சீட்டு

திருத்தணி,
12-5-1949

சிரஞ்சீவி வைத்திக்கு அக்கா ஜெயத்தின் ஆசீர்வாதம். பட்டணத்தில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன மாதம் வந்தவன் ஒரு வாய்கூட என் கையால் சாப்பிடாமல் ரயிலேறிவிட்டாய்.

மதுவிலக்கு வந்தும் திருட்டுத்தனமாகக் குடிக்கிறவர்கள் கூடி மனம்விட்டுப் பேசினால் குடி விடுமா என்று பார்க்கும் நீ வேலை பார்க்கும் டாக்டரின் ஆராய்ச்சிக்கு, உன் அத்திம்பேர்தான் முதலில் பெயர் கொடுத்தார். மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிறவர் வெட்கத்தை விட்டுப் பெயர் கொடுப்பது லேசா? யார் கூட்டத்துக்குப் போவது, யார் போகவேண்டாம் என்று சந்நிதியில் சீட்டுப் போட்டாய். அவருக்கு 'வேண்டாம்' வந்தது. "முருகனே என்னை வேண்டாம்னுட்டான்" என்று முன்னைவிட அதிகம் குடிக்கிறார். அவரைக் கூட்டத்தில் சேர்த்துவிடப்பா.

அக்கா ஜெயம்

மதராஸ்,
17-5-1949

அக்காவுக்கு நமஸ்காரம். பாதிப்பேர் போகாமலிருந்தால்தான் குணம் கூட்டத்தால் வந்ததா, தானாக வந்ததா என்று தெரியும். உறவுக்காக ஒருவரை மாற்றினால் மொத்தமும் வீண். ஓரவஞ்சனை என்று ஊர் சொல்லக்கூடாதே என்றுதான் சந்நிதியில் போட்டேன். சீட்டை எழுதியவன் நான். சுவாமி எங்கே வந்தார்? அத்திம்பேரிடம் சொல்.

வைத்தீஸ்வரன்

திருத்தணி,
2-7-1949

வைத்திக்கு ஆசீர்வாதம். சொன்னேன். "எழுதினது உன் தம்பி. எடுத்துக் குடுத்தது யாரு, ஜெயம்?" என்றார். நம் வீட்டில் சம்பந்தம் செய்வதுகூட அங்கே சீட்டெடுத்துத்தானே? படித்தவன், மறந்துவிட்டாய்.

கூட்டத்துக்குப் போய்க் குடியை விட்ட லாரிக்கார எல்லப்பன் வாசலில் நின்று கெஞ்சினான். "சாமி, நாங்கல்லாம் ஒண்ணா பேசிகினு இருக்கோம். நீங்க மட்டும் தனியா குந்திகினு இருந்தா எப்படிங்க?" இவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

நைவேத்தியப் பொங்கலை அடிப்பிடிக்க விட்டதால் மடைப்பள்ளியில் நுழையாதே என்று சொல்லிவிட்டார்கள். ரத்தமாக வாந்தி எடுக்கிறார். சீட்டு மாறிப்போயிற்று என்று ஒரு பொய் எழுது. உன் காலைப் பிடிக்கிறேன் என்று அக்கா எழுதலாமா? எழுதுகிறேன்.

ஜெயம்

மதராஸ்,
8-7-1949

அக்கா, உன் கடிதத்தைப் படித்து அழுதேன். ஆனால் பொய் எழுதக் கை வரவில்லை. எத்தனையோ குடும்பங்கள் இந்த முடிவை நம்பப்போகின்றன. தையில் ஆராய்ச்சி முடிந்துவிடும். பிறகு எல்லோரும் கூட்டத்துக்குப் போகலாம். அதுவரை எப்படியாவது அவரைக் காப்பாற்று.

வைத்தீஸ்வரன்

திருத்தணி,
29-7-1949

வைத்திக்கு,

தை வரை அவர் தாங்கமாட்டார். ஆடிக் கிருத்திகையன்று கைத்தாங்கலாக மலையேற்றினேன். "கேட்டதையே மறுபடி கேக்கறது தப்புடி" என்றார். அன்றைக்குக் கேட்டது உங்கள் மச்சினன், இன்றைக்குக் கேட்பது உங்கள் பெண்டாட்டி என்றேன். சீட்டில் 'போ' என்று வந்தது. சந்நிதியிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். அன்று சாயங்காலமே எல்லப்பனோடு கூட்டத்துக்குப் போனார். அடுத்த கூட்டத்துக்கும் போனார். பிழைப்பாரா தெரியாது. போகிறார், அவ்வளவுதான்.

இரண்டு சீட்டிலும் 'போ' என்றுதான் எழுதியிருந்தேன். பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பாவத்தை நானே அனுபவித்துக்கொள்கிறேன்.

உன் ஆராய்ச்சி கெடக்கூடாதே என்றுதான் உன்னிடம் சொல்கிறேன். அவர் பெயரை அடித்துவிடு. இனி இங்கே வராதே, கடிதமும் போடாதே. என்றைக்காவது அவர் இந்தச் சீட்டைப் பற்றி உன்னைக் கேட்பார். நீ உண்மையைச் சொல்லிவிடுவாய்.

ஜெயம்