ஒரு நாற்காலியும் உன் பெஞ்சும்

ஒரு மானிட்டரைக் காட்சிக்கு வைத்துவிடலாம். அதன் வழியாக வந்து போனதை எப்படி வைப்பது? அருங்காட்சியகத்தில் இத்தனை காலம் வேலை பார்த்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று உன் பழைய கணினிக்கு மின்சாரம் கொடுத்தேன். சூடேறிய தூசியின் வாசம் அறை முழுக்கப் பரவியது. உன் கடையின் வாசம். நீ கண்மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்களில் நீ மட்டும்தான் கொல்லிமலைக்கே திரும்பிப் போனாய். செம்மேட்டில் உன் டெலிபோன் பூத்துக்கு இணைய இணைப்பு வாங்கியபோது, "யார் வருவார்கள்?" என்று கேட்டவள் நான். வந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

மலையில் குண்டனி நாட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் சிங்கப்பூரில் இருந்த மகனுக்கு மடல் சொல்லச் சொல்ல, நீ ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாய். அவர் முடித்ததும் பெஞ்ச் தொடங்கியது.

"ஏனுங்க, எங்கூட்டு மாடு கன்னு போட்டதயும் போட்டுடுங்க."

"மொளகு நல்லா காச்சிருக்குதுன்னு சொல்லு கண்ணு."

அடுத்தவர் மடலில் இவர்களுக்கு என்ன வேலை என்று உன் காதில் கிசுகிசுத்தேன். நீ சிரித்தாய். "ரகசியம் பேசோணும்னா மலையில எடமா இல்ல? நாலு பேரு சேந்து பேசத்தான் புள்ள இங்க வாராங்க."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "இந்த மியூசியத்தம்மாவும் உன்னயக் கேட்டாங்கன்னு ஒரு வரி சேத்துக்க சாமி. பாவம், சும்மாவே உக்காந்திருக்குது."

மகனின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த வரியும் மடலோடு போனது.

நீ மடல் அனுப்பிய மின்னஞ்சல் நிறுவனத்தை மூடிவிட்டார்கள். ஒரு மடலும் மிச்சமில்லை. உன் தம்பி லாரியில் அனுப்பியது கணினியும் பெஞ்சும்தான். எங்கள் இயக்குநருக்குப் பெஞ்ச் வேண்டாமாம். டீக்கடை போல இருக்கிறதாம். "இன்டர்நெட்னா ஒரு ஆள், ஒரு கம்ப்யூட்டர் மேடம். ஒரு சேர் போதும். பெஞ்சுக்கு என்ன ஆதாரம்?"

என் நினைவையே எளிதில் நம்பாதவள் நான். ஆனாலும் அந்த நாற்காலி பொய். மலைக்கு இணையம் அப்படி வரவில்லை. விளக்க அட்டையில் எழுதிவிட்டேன்: 'இந்தப் பெஞ்சில் இருந்தவர்கள் சேர்ந்து மடல் அனுப்பினார்கள். ஆதாரம்: அவர்களில் ஒருத்தி நான்.' கீழே என் பெயர். எதிலும் பெயர் போடக் கூசுகிறவள், இதில் போட்டேன். வேலையே போனாலும் எடுக்கமாட்டேன்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று காலை வேலைக்குப் போனபோது பெஞ்ச் வராந்தாவில் கிடந்தது. "இத எங்கீங்க போடறது?" என்றார் காவலாளி. "கம்ப்யூட்டர் முன்னாடி" என்றேன். ஆளுக்கொரு முனை பிடித்து உள்ளே கொண்டுவந்தோம். இயக்குநர் கதவருகே நின்று பார்த்தார். பிறகு கணினி முன் போட்டிருந்த நாற்காலியைத் தானே வெளியே தள்ளிக்கொண்டு போனார்.