கதவை யார் முதலில் திறப்பது

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நன்றாகவே இருக்கிறேன். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

செயற்கை நுண்ணறிவுக்குக் கடிவாளம் போட இரண்டு வல்லரசுகளும் நடத்திய பேச்சு, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர்கள், தங்கள் கணினிக்கூடத்தின் கதவைச் சோதனைக்கு யார் முதலில் திறந்துகாட்டுவது என்று முறுக்கிக்கொண்டார்கள். அதனால், ரகசியம் வெளியே போய்விடுமென்று, அங்கே வேலை செய்யும் எங்களைப் போன்ற பொறியாளர்கள் இந்த நாட்டின் எல்லை தாண்டக்கூடாதாம்.

"அப்பா தவறிட்டார் சார், நான் போகணும்" என்றேன்.

"ஒப்பந்தம் ஆகட்டும், உடனே போயிட்டு வாங்க" என்றார் மேலாளர். நல்ல மனிதர்தான்.

அப்பாவின் கண்ணாடியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கடிதத்தைப் படித்துப் பார்த்து அனுப்பும் அதிகாரி வந்துவிட்டார். ஒன்று மட்டும் எழுதுங்கள். அப்பாவைத் தூக்கும்போது என் இடத்தில் தோள் கொடுத்தது யார்? தம்பியா? அவன் குட்டையாயிற்றே, அப்பா ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிடவில்லையே?

உங்கள் பெரியவன்