சரிந்த கல்வேலி

நெடுந்தீவு,
பங்குனி 1974

அன்புள்ள ஞானசவுந்தரி,

மாதாவின் காவலில் சுகமாக இருக்கிறீரா? நெஞ்சுச் சளி குறைந்ததா? இதுவரை மற்றவரைக் கொண்டு எழுதுவித்தேன்; இது நானே எழுதும் முதற்கடிதம்! எழுத்துக்கு எழுத்து மூச்சு வாங்குகிறது, ஆனாலும் விடமாட்டேன்.

மகள் எமில்டாவின் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு நேற்றுச் சோதனை வந்தது. பிள்ளைப்பேறு, கருச்சிதைவு பற்றிப் பெண்களிடம் கேட்கப் போன வீட்டில், வீட்டுக்காரரும் ஊர்ப்பெரியவருமான சரவணமுத்தர் பக்கத்திலேயே கதிரை போட்டு அமர்ந்துவிட்டார்.

"பிள்ளை, என்ரை மருமகளிட்டைக் கேக்கிறதை எனக்கு முன்னாலை கேளும்."

மருமகள் தலை நிமிரவில்லை. இந்த வீடு கதைக்காவிட்டால் ஊரில் எவரும் கதைக்கமாட்டார்கள். ஆராய்ச்சி அத்தோடு நின்றுவிடும்.

துணைக்குப் போன நான் வெளியே கல்வேலியில் சாய்ந்தேன், கொஞ்சம் பலமாக. கற்கள் சரிந்தன.

"ஐயோ, மாடு பயிருக்கை இறங்கப்போகுது!" என்று அவர் ஓடிவந்தார். பொழுதுபடும்வரை இருவரும் கல் அடுக்கினோம். உள்ளே மருமகளின் குரல் ஓயவேயில்லை.

முடிவில் அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிடிபட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"எமிலியானுஸ் அண்ணை, நாளைக்கு மகள் என்ரை மனிசியோடை கதைக்க வரேக்கை, மேற்கு வேலியிலை சாயுங்கோ. அதையும் திருப்பிக் கட்டவேணும்."

காலில் ஒரு கல் விழுந்தது, பெரிதில்லை. பூச நல்லெண்ணெய் அனுப்பும். நீரே கொண்டுவந்தாலும் சரி. கடிதம் கொண்டுபோகும் படகு புறப்படப்போகிறது.

எமிலியானுஸ்