தொப்பி மட்டும் போதுமாம்

தோக்கோவின் அம்மாவுக்கு, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து லிம்பானி எழுதுவது. நீங்கள் எல்லாரும் நலமாகக் கண்விழித்திருந்தால் நானும் நலம்தான். மாமாவின் கால் வீக்கம் வற்றியதா?

சனிக்கிழமை எஜமானியம்மாவின் தோழிகள் வாட்டர்கலர் நோட்டுகளோடு தோட்டத்தை வரைய வந்தார்கள். நான் ரோஜாப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். ஹெட்டி என்ற அம்மாள் வந்து, "லிம்பானி, படத்துல அமைதி வேணும். கொஞ்சம் மறைவா நின்னுக்கோ" என்றாள். சரியென்று மண்வெட்டிமேல் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தேன். "அது அங்கேயே இருக்கட்டும். அழகா இருக்கு."

லிலோங்வே சந்தையில் நீ வாங்கித் தந்த ஓலைத் தொப்பி அது. அது படத்துக்கு நிற்க, நான் இரண்டு மணி நேரம் கொட்டகைக்குப் பின்னால் வெறுந்தலையோடு வெயிலில் நின்றேன். பயப்படாதே, தலைவலி விட்டுவிட்டது. கோபம்தான் விடவில்லை. அந்த ரோஜாவை நட்டவனே நான். என்னைப் பார்த்தால் அமைதி கெடுமாம், என் தொப்பியைப் பார்த்தால் கெடாதாம்.

வரைந்து முடித்ததும் ஹெட்டி நோட்டைக் காட்டி, "எப்படி?" என்றாள்.

"தொப்பி இருக்கு. தலை எங்கம்மா?"

சிரித்தாள். தாளைக் கிழித்து, "வீட்டுக்கு அனுப்பு, சந்தோஷப்படுவாங்க" என்று கொடுத்தாள்.

கொஞ்சம் ஏரிக் கருவாடு வறுத்து அனுப்பு. தனியாகச் சாப்பிடும்போது வீட்டு வாசனையாவது இருக்கட்டும். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

படத்தையும் உள்ளே வைத்திருக்கிறேன். அப்பா எங்கே என்று தோக்கோ கேட்டால் படத்தின் ஓரத்தில் இருக்கும் அந்தக் கொட்டகையைக் காட்டு. அதற்குப் பின்னால்தான் நிற்கிறேன்.