ரப்பர் விறகில் வெந்த விலா எலும்பு

இன்று மதியம் உன் டிரம் அடுப்பை என் வீட்டுப் பின்புறத்தில் வைத்துத் தேங்காய்ச் சிரட்டைக்கரி போட்டேன். கரி போட மூடியைத் தூக்கியபோதே பழைய பன்றிக்கொழுப்பும் கருப்பட்டியும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. கொஞ்ச நேரம் கரியைப் பற்றவைக்காமல் அப்படியே நின்றுவிட்டேன் மக்கா.

கப்பலில் சமையல்காரனாக இருபது வருடம் சுற்றிவிட்டு வந்து, எண்ணெய் டிரம்மை நெடுக வெட்டி இதை நீயே செய்தாய். விலா எலும்பில் மிளகும் பூண்டும் கருப்பட்டியும் தேய்த்து, ஒரு பக்கம் கரி, மறுபக்கம் இறைச்சி என்று வைத்து ஆறு மணி நேரம் புகையவிடுவாய். நடுவில் நான் மூடியைத் தொட்டால் போச்சு, "கையை எடுல, தின்னிக் கொதியா!" என்று கத்துவாய்.

தொண்டைப் புற்றுக்குக் கரண்ட் வைத்த பிறகு உனக்கு ருசியும் போயிற்று, மணமும் போயிற்று. ஆனாலும் அந்த ஈஸ்டருக்கு நான்தான் சுடுவேன் என்று நின்றாய். புகைக்கு எப்போதும் கொல்லாம்விறகு, முந்திரி மரத்து விறகுதான், போடுவாய். அன்று அது கிடைக்கவில்லை என்று கீரிப்பாறைப் பக்கமிருந்து வந்த ரப்பர் விறகை நான்தான் கொண்டுவந்தேன். ஈரம்கூடக் காயாத விறகு. ஒரு கடி கடித்ததுமே, புகைபோட்ட ரப்பர் ஷீட்டை வாயில் வைத்ததுபோல் இருந்தது.

"எப்பிடி இருக்கு?" என்றாய்.

"அருமை மக்கா."

நீ என் தட்டையே பார்த்தாய். "ஏலே, எனக்கு நாக்குதான் போச்சு, கண்ணு போகல. ரெண்டாவது துண்டு எடுத்தியா நீ? இனி உன் நாக்குதாம்ல எனக்கு நாக்கு. அதும் பொய் சொன்னா நான் எங்க போவேன்?"

வெட்கமாகிவிட்டது. விறகையும் சொல்லி, வீச்சத்தையும் சொன்னேன். அடுத்த ஞாயிறு கொல்லாம்விறகு தேடிப்பிடித்து மறுபடி சுட்டாய். உப்பு கூடிப்போச்சு என்றேன். "அப்பிடிச் சொல்லு!" என்று தொடையில் தட்டிச் சிரித்தாய்.

மழைக்காலத்தில் நீ படுக்கையோடு ஆனாய். டாக்டர் கைவிரித்ததை உனக்குச் சொல்லக் கூடாது என்று உன் வீட்டுக்காரி, மதினி, என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஒருநாள் அவள் கஞ்சி எடுக்க உள்ளே போன நேரம், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"உள்ளதச் சொல்லு. நான் எந்திப்பேனா?"

உன் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "இல்ல மக்கா" என்றேன்.

பிடித்திருந்த என் மணிக்கட்டை விட்டாய். பிறகு, "செரி. துபாய்ல இருந்து பயல வரச் சொல்லு" என்றாய். உன் மகன் வந்தான். நீ போகிறவரை பதினோரு நாள் உன் பக்கத்திலேயே கிடந்தான்.

மதினிக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. நான் சொல்லாதிருந்தால் நீ இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாய் என்கிறாள். இருந்திருப்பாயோ என்னவோ, எனக்குத் தெரியாது. அந்த ஒரு "இல்ல"யைச் சொன்னதில் எனக்குப் பாரம் ஒன்றும் இல்லை என்று எழுதினால், நீ உடனே பிடித்துவிடுவாய். பாரம்தான் மக்கா. ஆனாலும் நீ திரும்பக் கேட்டால் அதையேதான் சொல்வேன்.